வாய் சரியில்லாத அறுவடை இயந்திரங்கள்

தை, மாசி மாதங்களில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். சாலையின் இருபுறமும் கோமுகி அணையின் நீர் பாயும் நெல் வயல்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் ‘பெல்ட் வண்டி’ என்று நம் மக்கள் அழைக்கும் கூட்டு அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் பயிரை வெட்டி உள்ளே இழுத்து, நடுவில் கதிரடித்து, பின்னால் வைக்கோலை உதறிவிட்டு, நெல்லை மட்டும் தன் தொட்டியில் சேர்த்துக்கொண்டு அது போகும். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் இயந்திரம் போன பிறகு வயலில் குனிந்து பாருங்கள். தாள்களின் அடிக்கட்டைகளுக்கு இடையில் உதிர்ந்த மணிகளும், அறுபடாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கதிர்களும் உங்கள் கண்ணில் படும். “மிஷின் என்றால் கொஞ்சம் சேதம் இருக்கத்தான் செய்யும்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அது தவிர்க்க முடியாததுதானா? இந்த இரு கேள்விகளையும் இயந்திரத்திடமே கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூட்டு அறுவடை இயந்திரம் வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. அறுவடைக்கு ஆள் கிடைக்காத நாளில், வானம் கறுத்து நிற்கும்போது, ஓர் ஏக்கரை ஓரிரு மணி நேரத்தில் அறுத்துக் கொடுக்கும் பொறியின் பயன் பெரிது. நம் குறை அதன் வாயைப் பற்றியது மட்டுமே. அதன் வயிறு, அதாவது கதிரடித்துப் பிரிக்கும் பகுதி, நன்றாக வளர்ந்துவிட்டது. பயிரை எடுத்து ஊட்டும் பகுதியோ அந்த அளவுக்கு வளரவில்லை. வளர்ந்த இடங்களிலும் அந்த வளர்ச்சி நம் வயலுக்கு வந்து சேரவில்லை.

வாயின் உறுப்புகள்

இயந்திரத்தின் முன்பகுதியில் நான்கு உறுப்புகள் உள்ளன. அடியில் இருப்பது ரம்பம் போன்ற வெட்டுக்கத்தி. அதற்கு மேலே, பெரிய ராட்டினம் போலச் சுழல்வது ரீல். அதன் சட்டங்களில் நீண்ட கம்பி முட்கள் வரிசையாக இருக்கும். பயிரைக் கத்தியின் பக்கம் சாய்த்துப் பிடிப்பதும், வெட்டிய பயிரை உள்ளே தள்ளுவதும் ரீலின் வேலை. கத்திக்குப் பின்னால் கிடக்கும் பெரிய திருகு உருளை, வெட்டிய தாளை இரு பக்கங்களிலிருந்தும் ஓரிடத்துக்குக் கூட்டிக் கொண்டு வரும். அங்கிருந்து குறுக்குப் பட்டைகள் பொருத்திய ஊட்டுச் சங்கிலி அதைப் பற்றி இழுத்துக் கதிரடிக்கும் உருளைக்குக் கொடுக்கும்.

நம் உடலோடு ஒப்பிட்டால் கத்தி பல், ரீல் கை, திருகு உருளை நாக்கு, ஊட்டுச் சங்கிலி தொண்டை எனலாம். கை அவசரப்பட்டால் சோறு சிந்தும். தொண்டையில் மொத்தமாகத் திணித்தால் விக்கும். இயந்திரத்திலும் நடப்பது இவைதாம்.

ரீல் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்?

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. நிமிர்ந்து நிற்கும் பயிரில், ரீலின் விளிம்பு வேகம் இயந்திரம் முன்னேறும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக, அதாவது 1.25 முதல் 1.5 மடங்கு வரை இருக்க வேண்டும். குறைந்தால் ரீல் பயிரை முன்னால் தள்ளும். கத்தி சரியாக வெட்டாது. அதிகமானால் முட்கள் கதிரை அறையும். முற்றிய மணிகள் உள்ளே போகுமுன்பே உதிரும்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரீலின் விட்டம் 1 மீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 3.14 மீட்டர். இயந்திரம் மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 1 மீட்டர் வீதம் செல்கிறது. அப்படியானால் ரீலின் விளிம்பு விநாடிக்கு 1.25 மீட்டர் செல்ல வேண்டும். இதை நிமிடக் கணக்கில் மாற்றினால் ஏறக்குறைய 24 சுற்றுகள் வரும்.

இப்போது பயிர் அடர்த்தியாக உள்ள இடம் வருகிறது. ஓட்டுநர் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறார். எஞ்சின் சுழற்சியைக் குறைக்க முடியாது. குறைத்தால் கதிரடிக்கும் உருளையும் சல்லடைகளும் தளர்ந்துவிடும். ஆகவே அவர் நடை வேகத்தை மட்டும் குறைக்கிறார். ரீல் எஞ்சினோடு பட்டையால் பிணைக்கப்பட்டிருந்தால் அது அதே 24 சுற்றுகள் சுற்றும். விகிதம் 1.25 ஆக இருந்தது 2.5 ஆகிவிடுகிறது! கவனமாக ஓட்டுவதற்காக மெதுவாகச் சென்றவர், அதனாலேயே கூடுதல் மணியை உதிர்க்கிறார். மாறாக, பயிர் மெலிந்த இடத்தில் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓட்டினால் விகிதம் 0.83 ஆகக் குறையும்; பயிர் முன்னே தள்ளப்படும்.

இதில் ஓட்டுநரின் தவறு எதுவும் இல்லை. ஒன்றோடொன்று சேர்ந்து மாற வேண்டிய இரு வேகங்களைத் தனித்தனியே விட்டுவிட்ட அமைப்பின் தவறு இது.

‘மாற்றத்தக்கது’ வேறு, ‘மாற்றப்படுவது’ வேறு

“ரீலின் வேகத்தை மாற்ற வழி இருக்கிறதே!” என்று இயந்திரத்தைச் செய்தவர்கள் பதில் சொல்லக்கூடும். இருக்கிறது. வேகத்தை மாற்றலாம், உயரத்தை மாற்றலாம், ரீலை முன்னும் பின்னும் நகர்த்தலாம், முட்களின் சாய்வைத் திருப்பலாம், திருகு உருளைக்கும் தரைத்தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம், ஊட்டுச் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். ஆனால் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் இவற்றில் உயரத்தை மட்டும்தான் இருக்கையில் அமர்ந்தபடி மாற்ற முடியும். மற்றவற்றுக்கு எஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஸ்பேனரை எடுத்து, சேறு படிந்த மரைகளைக் கழற்ற வேண்டும். வேகத்தை மாற்றப் பட்டையை ஒரு கப்பியிலிருந்து இன்னொரு கப்பிக்கு மாற்ற வேண்டும்.

இதை யார் செய்வார்? வாடகை மணிக்கணக்கில். நின்று போகும் அரை மணி நேரத்துக்கும் பணம் கொடுக்க விவசாயிக்கு மனம் வராது. அடுத்த வயல்காரர் வரப்பில் காத்திருக்கிறார். ஓட்டுநருக்கும் பொறுமை இல்லை. வண்டியின் உரிமையாளருக்கோ ஏக்கர் ஓடினால் போதும். சிந்திய நெல் அவருடையது அன்று. இப்படி, மாற்றும் உழைப்பு ஒருவருக்கும் மாற்றாததன் நட்டம் வேறொருவருக்கும் போகும் இடத்தில், மாற்றுவதற்கான வழி கையேட்டில் மட்டுமே உயிர்வாழும். அந்தக் கையேடும் பெரும்பாலும் உரிமையாளர் வீட்டு அலமாரியில் இருக்கும்.

ஆகவே ஓர் இயந்திரத்தை மதிப்பிடும்போது, அதில் எத்தனை உறுப்புகளை மாற்றலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பது போதாது. வேலை நடக்கும்போது எத்தனை உறுப்புகள் உண்மையில் மாற்றப்படுகின்றன என்று கேட்க வேண்டும். இதுவே சரியான உரைகல்.

சாய்ந்த பயிர் வைக்கும் தேர்வு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழை விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதை நீங்கள் அறிவீர்கள். வயல்கள் நீரில் மூழ்கின. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிர் செய்யும் நாட்டில், கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாய்வது புதிய செய்தி அன்று. ஒவ்வோர் ஆண்டும் எங்கேனும் நடப்பதுதான்.

சாய்ந்த பயிருக்கு இயந்திரத்தின் வாயில் எல்லாமே மாற வேண்டும். நிமிர்ந்த பயிரில், வெட்டிய தாளின் எடைமையத்துக்குச் சற்று மேலே ரீல் தொட்டால் போதும். தாள் தானாகவே உள்ளே சாயும். சாய்ந்த பயிரில் ரீல் தாழ வேண்டும். கத்தியைவிட முன்னே நீள வேண்டும். முட்கள் பின்புறமாகச் சாய்ந்து, பயிருக்கு அடியில் நுழைந்து தூக்க வேண்டும். சுழற்சி விகிதம் சற்றுக் கூட வேண்டும். நடை வேகம் குறைய வேண்டும். பயிர் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிராகவோ குறுக்காகவோ ஓட்ட வேண்டும். ஒரே வயலில் பாதி நிமிர்ந்தும் பாதி சாய்ந்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இத்தனை மாற்றங்கள்! ஸ்பேனரைக் கொண்டு இது நடக்கக் கூடியதா?

இந்தச் சிக்கலை உலகில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஹெட்லி டெய்லர் என்ற விவசாயி. புயலில் விழுந்த கோதுமையையும் எடுக்கக்கூடிய அறுவடை இயந்திரத்தை அவர் 1910-களில் உருவாக்கினார். அவர் புதுமை செய்தது பெரும்பாலும் இயந்திரத்தின் வாயில்தான். விழுந்த பயிரைக் கண்ணால் கண்டு வயிறு எரிந்தவருக்கே இது தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது.

விக்கல் ஏன் கேடு?

வாய் ஒழுங்காக ஊட்டாவிட்டால் சிந்துவது முன்னால் மட்டும் அன்று, பின்னாலும்தான். திருகு உருளையின் இடைவெளி பொருந்தாதபோது தாள் ஒரே சீராகப் போகாமல், தேங்கித் தேங்கி, பிறகு கட்டையாக உள்ளே விழும். அப்போது ‘குபுக்’ என்ற ஓசையும் எஞ்சின் திணறுவதும் கேட்கும். கதிரடித்த வைக்கோலுக்குள் சிக்கிய மணி பிரிந்து கீழே விழ, வைக்கோல் படுகை மெல்லியதாக இருக்க வேண்டும். படுகை தடித்தால் மணி வைக்கோலோடு வெளியே போய்விடும். ஊட்டும் அளவு கூடக்கூட, சேதம் அதே விகிதத்தில் கூடாமல் அதைவிட மிக வேகமாகக் கூடும் என்பது பொறியியலார் நன்கறிந்த உண்மை.

விளக்கத்துக்காக, சேதம் ஊட்டும் அளவின் இருமடியாக வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 பங்கு வீதம் சீராக ஊட்டினால் சேதம் 4. அதே சராசரியை ஒரு விநாடி ஒன்றுமில்லாமலும் மறு விநாடி 4 பங்குமாக ஊட்டினால், சேதம் 0, 16; சராசரி 8. உள்ளே போன பயிர் ஒன்றே; ஊட்டிய விதம் மாறியதால் சேதம் இரட்டித்தது. பெரிய எஞ்சினும் பெரிய உருளையும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேடு இதைவிடக் கொடியது. வாய் அடைத்துக்கொண்டால் அதைத் திறக்க மனிதனின் கைதான் உள்ளே போகிறது. நேரம் போகிறதே என்று எஞ்சினை நிறுத்தாமலே தாளைப் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. ஊட்டுச் சங்கிலியையும் திருகு உருளையையும் பின்னோக்கிச் சுழற்றி அடைப்பைத் துப்பிவிடும் அமைப்பு பெரிய இயந்திரங்களில் உண்டு. அது ஒரு வசதி அன்று. கையைக் காக்கும் பாதுகாப்பு. சிறிய இயந்திரங்கள் அனைத்திலும் அது இருந்தாக வேண்டும் என்பது நம் கருத்து.

மக்காச்சோளத்துக்கு வேறு வாய்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் மானாவாரி மக்காச்சோளம் பெருமளவில் பயிராகிறது. இதற்கு ரீல் பயன்படாது. வரிசைக்கு ஒரு சோடி உருளைகள் தட்டையைக் கீழே இழுக்க, மேலே இருக்கும் இரு தகடுகளில் கதிர் மோதி ஒடியும். தகடுகளின் இடைவெளி தட்டையைவிட அகலமாகவும் கதிரைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும். அகன்றால் கதிரின் அடி உருளைகளில் பட்டு மணி உதிரும்; குறுகினால் தட்டை ஒடிந்து சிக்கும். மழையை நம்பிய நிலத்தில் பள்ளத்தில் பருத்த கதிரும் மேட்டில் சிறுத்த கதிருமாக இருக்கும். ஆகவே இந்த இடைவெளியை இருக்கையிலிருந்தே மாற்றும் அமைப்பு இங்கே ஆடம்பரம் அன்று, தேவை.

மலை ஏறாத இயந்திரம்

இனி மலைக்குப் போவோம். கல்வராயன் மலையின் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்கள் மலையாளி பழங்குடி மக்களின் பழைய பயிர்கள். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலை 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. சாலையே பிந்தி வந்த இடத்துக்கு இயந்திரம் எப்படி முந்தி வரும்? வந்தாலும் சரிந்த, கல் நிறைந்த, துண்டு துண்டான கொல்லைகளில் பெல்ட் வண்டி திரும்பக்கூட இடம் இருக்காது.

கூட்டு அறுவடை இயந்திரத்தைச் சிறிதாக்கி மலைக்கு ஏற்றிவிடலாம் என்பது சிலர் யோசனை. அதில் ஒரு முட்டு உண்டு. நெல்லின் ஆயிரம் மணிகள் 20 முதல் 25 கிராம் எடை. சாமையின் ஆயிரம் மணிகள் 2 அல்லது 3 கிராம்தான். நெல்லுக்கு வைத்த காற்று சாமையைப் பதரோடு பறக்கடித்துவிடும். பயிரும் குட்டை, எளிதில் சாயும். அங்கே அரிவாளால் அறுத்து, களத்தில் கதிரடிப்பதே இன்றைக்குப் பொருந்தும். ஆகவே மலைக்கு வேண்டியது நல்ல கதிரடிப்பான். அதன் வாயே இங்கு நம் கவலை.

ஏனெனில் கதிரடிப்பானுக்கு ஊட்டுவது சங்கிலி அன்று, மனிதக் கை. வட இந்தியாவில் கதிரடிப்பான்கள் பரவிய காலத்தில் பலர் கையை இழந்தார்கள். அதன் விளைவாகவே 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. ஊட்டும் தொட்டியின் நீளம் குறைந்தது 90 சென்டிமீட்டர், அதில் மூடிய பகுதி 45 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கருத்து. கை உருளைக்கு எட்டக்கூடாது என்பதே இதன் பொருள்.

நல்ல விதிதான். ஆனால் சமதரையை மனத்தில் வைத்து எழுதிய விதி. சரிவான களத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் தொட்டியின் உயரமும் சாய்வும் மாறிவிடும். நீண்ட நெல் தாளைத் தள்ளுவது போலக் குட்டையான சாமைத் தாளைத் தள்ள முடியாது. அது வழியிலேயே தங்கும். ஊட்டுபவர் எட்டித் தள்ளுவார். பாதுகாப்புக்காக நீட்டிய தொட்டியே அவரை உள்ளே சாயச் செய்கிறது! தனித்தனியே நீட்டிக் குறைக்கக்கூடிய நான்கு கால்களும், ஊட்டுபவரின் இடுப்பு உயரத்துக்கு வரும் தொட்டியும், குட்டைத் தாளைத் தள்ள ஒரு மரத் தள்ளுகட்டையும் இருந்தால் இது தீரும். இவற்றில் எதற்கும் பெரிய தொழிற்சாலை தேவையில்லை.

மலைக்கெனத் தனியே சிந்திப்பது இயலாத காரியம் அன்று. இமயமலைப் பகுதியில் அல்மோராவில் உள்ள விவேகானந்தா மலைப்பகுதி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கேழ்வரகுக்கும் குதிரைவாலிக்கும் ஏற்ற சிறிய கதிரடிப்பானை உருவாக்கியிருக்கிறது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் தின்பண்டங்கள் பற்றிப் பேசிய அளவுக்குக் கதிரடிப்பானின் தொட்டியைப் பற்றிப் பேசினோமா?

என்ன செய்யலாம்?

பெரிய நாடுகளில் ஓடும் இயந்திரங்களில் ரீல் வேகம் நடை வேகத்தோடு தானே மாறுகிறது. உள்ளே போகும் பயிரின் தடிப்பை உணர்ந்து இயந்திரம் தன் நடையையே கூட்டிக் குறைக்கிறது. இவ்வளவும் நம் சேற்று வயலுக்கு உடனே வேண்டும் என்று சொல்ல மாட்டோம். உணர்கருவி பழுதானால் கச்சிராயபாளையத்தில் யார் சரிசெய்வது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விலை அதிகம் கூட்டாத சில மாற்றங்கள் உள்ளன.

முதலாவது, ரீலின் ஓட்டத்தை எஞ்சினிலிருந்து எடுக்காமல், பெல்ட்டை ஓட்டும் அச்சிலிருந்து எடுப்பது. அப்போது விகிதம் தானே மாறாமல் நிற்கும். நின்ற இடத்தில் ரீலைச் சுற்ற மட்டும் ஒரு தனி இணைப்பு வேண்டும். இரண்டாவது, ரீலின் முன்பின் நிலையையும் முட்களின் சாய்வையும் ஸ்பேனர் இல்லாமல், ஒரு நெம்புகோலால் மாற்றும்படி அமைப்பது. அதற்கு ஆறேழு நிலைகள் வேண்டாம். ‘நின்ற பயிர்’, ‘சாய்ந்த பயிர்’ என்று இரண்டே போதும். வசதிகள் பெருகினால் குழப்பமும் பெருகும். மூன்றாவது, அந்த நிலைகளை இயந்திரத்தின் உடம்பிலேயே தமிழில், படத்துடன் எழுதி வைப்பது. நான்காவது, அடைப்பைத் துப்பும் பின்சுழற்சி.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது அளவு. அளக்காத சேதத்தை யாரும் குறைக்க மாட்டார்கள். அதை நீங்களே அளக்கலாம். கம்பியாலோ கயிற்றாலோ 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம் ஒன்று செய்துகொள்ளுங்கள். முதலில் அறுக்காத பயிருக்குள் வைத்து, தானாக உதிர்ந்து கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். பிறகு ஓட்டுநரைக் கேட்டு இயந்திரத்தைச் சற்று நிறுத்திப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். கத்தி கடந்து சென்ற, ஆனால் பின்னாலிருந்து வைக்கோல் விழாத இடம் ஒன்று தெரியும். எஞ்சினை நிறுத்திய பிறகே அங்கே சென்று எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வாய் சிந்தியது. வைக்கோல் விழுந்த இடத்தில் அதற்கு மேலும் கிடப்பது வயிறு சிந்தியது. வைக்கோல் ஒரு பட்டையாக மட்டும் விழுந்திருந்தால், அதை அறுத்த அகலம் முழுவதற்கும் பகிர்ந்து கணக்கிட வேண்டும்.

ஆயிரம் மணிக்கு 22 கிராம் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 100 மணி என்பது 2.2 கிராம். ஓர் ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 9 கிலோ நெல்! முந்நூறு மணி என்றால் 27 கிலோ. ஐந்து, ஆறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்து, அந்தத் தாளை வயலின் உரிமையாளரிடம் கொடுங்கள். ‘கொஞ்சம் சேதம்’ என்ற சொல்லுக்கு அன்றைக்கு ஓர் எடை கிடைக்கும். எடை தெரிந்த பிறகு, நெம்புகோலைத் தேடும் அக்கறை தானே வரும்.

இது மாணவர் செய்யும் காரியமா என்று தயங்க வேண்டாம். சுழலும் ரீலை முன்னால் கொண்ட அறுவடைப் பொறியை 1828-இல் ஸ்காட்லாந்தில் அமைத்த பாட்ரிக் பெல், அப்போது இறையியல் படித்துக்கொண்டிருந்த ஓர் உழவர் மகன். எல்லாரும் பயன்பெறட்டும் என்று அவர் அதற்குக் காப்புரிமைகூடப் பெறவில்லை. அவர் ஒரு கையைச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கைக்கு, நம் வயலில் சிந்தாமல் ஊட்டக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.